மேடையோரத் தூண்

கப்பலூர்க் கல்யாண மண்டபத்தின் தூண்களை இடிக்காமலே சோதித்துச் சான்று தர வந்த இன்ஜினியர் ரோகிணிக்கு, உள்ளே நுழைந்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை தூணுக்கும் புதுப் பூச்சு. அதன்மேல் ரோஸ் கலர் பெயின்ட்.

"விரிசல் இருக்கான்னு பாக்கத்தான வந்தேன்? அதுக்குப் பவுடர் பூசி வச்சிருக்கீங்களேண்ணே!"

"ஆளுக வந்துபோற இடம், அழகா இருக்கட்டுமேன்னுதான்," என்றார் ஓனர் சோணை. "வெள்ளிக்கிழமை முகூர்த்தம். சட்டுன்னு எழுதிக் குடும்மா."

ஒலியலைக் கருவியை எடுக்கும் முன் காதால் கேட்பது அவள் வழக்கம். தூண் தூணாகப் பூச்சைச் சுரண்டி, சின்னச் சுத்தியலால் தட்டினாள். எல்லாம் 'ணங்' என்றன. மேடையோரத் தூண் மட்டும் 'பொத்' என்றது. மறுபடி இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது.

மூன்று தட்டினாள். மூன்று வந்தது.

"பைப்புல காத்து அடைச்சிருக்கும்மா."

"தூணுக்குள்ள ஏதுண்ணே பைப்பு? யாருகிட்டக் காது குத்துறீங்க? கல்யாணமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மண்டபத்தைப் பூட்டுங்க. இந்தத் தூணை உடைச்சுப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்!"

சுத்தியலைப் பைக்குள் வீசினாள். யாரும் தூணைத் தொடவில்லை. ஆனாலும் உள்ளே தட்டல் தொடங்கியது. அவள் சொன்னது காதில் விழுந்துவிட்டதுபோல வேகவேகமாகத் தட்டியது.

சோணைக்கும் பொறுமை போய்விட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், தூணில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார்.

"எம்புட்டுத் தடவ சொல்றது மாப்ள, ஆளுக இருக்கும்போது தட்டாதன்னு!"

தட்டல் உடனே நின்றது.