பொருள்சொல்லி

பெண் பார்க்கும் வீட்டில் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் பொருள்சொல்லியை வைக்க வேண்டும் என்பது புதுச் சட்டம். யாராவது பொடி வைத்து வரதட்சணை கேட்டால் அந்தக் கருவி அதைப் போட்டு உடைத்துவிடும். நாலு பேர் முன்னால் மானம் போனால் மாப்பிள்ளை வீட்டார் திருந்திவிடுவார்கள் என்று சட்டம் எழுதியவர்கள் நம்பினார்கள். நூறு வருஷக் கல்யாணப் பேச்சைக் கேட்டுத் தேறிய கருவி அது.

மாப்பிள்ளையின் அம்மா செண்பகவல்லிக்கு அதைக் கண்டு பயமில்லை. தன் கல்யாணத்துக்காக அப்பா விற்ற மளிகைக் கடையில் பிறகு அவரே கூலிக்கு நின்றதைப் பார்த்தவள் அவள். மகனுக்கென்று ஒரு குந்துமணித் தங்கம் வாங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தாள்.

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்ணே. பொண்ணு மட்டும் வந்தாப் போதும்" என்றாள்.

கருவி கணீரென்று சொன்னது: "பொருள், நாற்பது பவுன்."

பெண்ணின் அப்பா வேலாண்டி சிரித்த முகம் மாறாமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

செண்பகவல்லி பதறிப்போனாள். "ஐயையோ, நான் நெசமாத்தான் சொல்றேன்!"

"பொருள், அறுபது பவுன்."

"சாமி சத்தியமாண்ணே! கட்டின பொடவையோட அனுப்புங்க!"

"பொருள், எண்பது பவுன், ஒரு கார்."

வேலாண்டி எழுந்து இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"சம்பந்தியம்மா, மொதல்ல சொன்ன நாப்பதையே எப்பாடு பட்டாவது போட்டுடறேன். இனிமே ஒண்ணும் வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்க!"