வெளியூர் முதலாளி

வரி கட்டுகிறவன் வந்தால் அதிகாரி ராஜசேகருக்குத் தலை நிமிராது. வரி கட்ட வேண்டாதவன் வந்தால் முதுகு நிமிராது.

அன்று போர்ட் பிளேர் ஜெட்டியில் சென்னை முதலாளிக்குச் சந்தன மாலை போட்டுவிட்டு முதுகை வளைத்தார்.

“ஹட் பேயில இன்னிக்கு நீங்க திறக்கப்போற எண்ணெய் மில்லுக்குப் பத்து வருஷம் வரியே கிடையாது சார். மெயின்லேண்ட் முதலீட்டை இழுக்கத்தான் இந்தச் சலுகை.”

“ஏற்கெனவே இங்க மில் நடத்தறவங்களுக்கு?”

“அதுங்களுக்கு எதுக்கு சார்? தீவை விட்டு எங்க ஓடிடப் போகுதுங்க? ஹட் பேக்காரன் ஒருத்தன் சலுகை கேட்டு நடையா நடந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கல. ‘பாத் மே ஆவோ, அப்புறம் வா’ன்னு விரட்டிட்டேன்.”

முதலாளி சிரித்துக்கொண்டார்.

ஹட் பே தீவுக்குப் போகும் கப்பலின் டிக்கெட் கவுண்டரில் ராஜசேகர் முந்தினார். “சாருக்கு வெளியூர்க்காரங்க டிக்கெட் ஒண்ணு!”

“எதுக்கு சார் தண்டச் செலவு? தீவுக்காரங்க டிக்கெட்தான் விலை கம்மி” என்று முதலாளி, தீவுவாசிகளுக்கு மட்டுமே தரப்படும் ஐலண்டர் கார்டை நீட்டினார்.

ராஜசேகர் திருதிருவென விழித்தார்.

“அன்னிக்கே நிமிர்ந்து பார்த்திருந்தா என் மூஞ்சி தெரிஞ்சிருக்கும் சார். சென்னையில மச்சான் வீட்டு மாடியில ஒரு கம்பெனி போர்டு மாட்டினேன், மாலையே போட்டுட்டீங்க. வாங்க, என் பழைய மில்லுக்குப் புதுசா ரிப்பன் வெட்டலாம்.”