போகாத ஊரின் செலவுக்கணக்கு

"யோரிக், கொஞ்சம் உள்ள வா. உன்னைப் பார்க்க போலீஸ்ல இருந்து வந்திருக்காங்க."

ஆசிரியர் மார்லேன் சாதாரணமாகத்தான் சொன்னார். யோரிக்கின் கண் வாசல் கதவுக்குப் போனது.

போகாதா பின்னே! பெல்ஜியத்தில், கெண்ட் நகரத்து வாரப் பத்திரிகையில் பயணக் கட்டுரை எழுதுகிறவன் அவன். முதுகுப்பையோடு ஊர் சுற்றும் இளைஞர்களுக்கு லிஸ்பன் மலிவா, கோபன்ஹேகன் மலிவா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதச் சொல்லி, ஊருக்கு ஒரு வாரம், வாரத்துக்கு ஐந்நூறு யூரோ என்று கொடுத்து அனுப்பியிருந்தார் மார்லேன். லிஸ்பனில் சுட்ட மத்தி மீனும் ஒயினும் உள்ளே போகப் போக, இரண்டு ஊர்ப் பணமும் எட்டே நாளில் காலி. சத்தமில்லாமல் திரும்பி வந்த யோரிக், ஆஸ்டெண்ட் கடற்கரையில் அக்காவின் கேரவனுக்குள் படுத்துக்கொண்டு, ஜன்னல் வழியே மழையைப் பார்த்தபடியே கோபன்ஹேகனைச் சுற்றி முடித்தான்.

போகாத ஊரில் செலவு குறைவாகத்தானே இருக்கும்? கோபன்ஹேகன்தான் மலிவு என்று கட்டுரை முடிந்தது. காரணம், 'நீலக் கொக்கு' என்று அவனே கட்டி அவனே பெயர் வைத்த விடுதி. படுக்கை அந்த ஊர்ப் பணத்தில் தொண்ணூறு குரோனர், அதாவது பன்னிரண்டு யூரோதான். சாயங்காலம் சூப் இலவசம் வேறு.

கட்டுரை பிய்த்துக்கொண்டு போனது. அவனுடைய வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் வெள்ளிக்கிழமை கையெழுத்தாக இருந்தது. போன வருடம் பொய் டாக்சி பில் கொடுத்த ஒருவரை மார்லேன் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியது, பாழாய்ப்போன நேரத்தில் யோரிக்குக்கு நினைவு வந்தது.

உள்ளே இன்ஸ்பெக்டர் டெவோஸ் காபியில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். மேசையில் அந்தக் கட்டுரை. விடுதியின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு.

"உக்காருங்க. கோபன்ஹேகனுக்கு நீங்களே நேர்ல போனீங்களா?"

"பின்ன? ஏழு நாள் சார்."

"தங்கினது?"

"ஏழு நாளும் நீலக் கொக்குலதான்."

மார்லேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது நல்லதுக்கு இல்லை என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"படுக்கை விரிப்பெல்லாம் அங்கயே குடுத்தாங்களா?"

"அதுக்குத் தனிக் காசு சார். வடக்கு ஐரோப்பாவுல எல்லா விடுதியிலயும் அப்படித்தானே? நான் வீட்டுலேருந்தே எடுத்துட்டுப் போயிட்டேன்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். யோரிக்குக்குத் தெம்பு வந்தது. மடக்கவா பார்க்கிறார்? கேட்கட்டுமே!

"முதலாளியைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம? தினமும் அவர்தான் சூப் ஊத்துவார். செம்பட்டைத் தாடி. இடது கன்னத்துல ஒரு தழும்பு. என்மேல ரொம்பப் பிரியம்."

"அவ்வளவு நெருக்கமா!"

"கூடப் பொறந்தவர் மாதிரி சார். கிளம்புற அன்னிக்குக் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உங்க ஊர்ப் பசங்களையெல்லாம் இங்க அனுப்பி வைப்பா'ன்னு கேட்டுக்கிட்டார். அதனாலதான் அந்தப் பாராட்டு."

இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு, காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினார். "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க."

யோரிக் படிக்கவே இல்லை. பெயருக்கு அடியில் ஒரு சுழி சுழித்துக் கோடும் இழுத்தான்.

"உங்க ஆளு ஒரு கேள்விக்குக்கூடத் தடுமாறல மேடம்."

மார்லேன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெருமையாகச் சிரித்தார். "நான்தான் சொன்னேனே சார். பார்க்காததை இவன் எழுத மாட்டான்."

அப்பாடா என்றிருந்தது யோரிக்குக்கு. வேலை தப்பியது.

"ரொம்ப உதவி பண்ணீங்க தம்பி," என்று எழுந்தார் இன்ஸ்பெக்டர். "உங்க கட்டுரையைப் படிச்சுட்டு நூத்திப் பதினாறு பேர் அந்த விடுதி பேர்ல இருந்த இணையதளத்துல பணம் கட்டியிருக்காங்க. நேர்ல போனா அப்படியொரு விடுதியே இல்லை. எவனோ பணத்தைச் சுருட்டிக்கிட்டு ஓடிட்டான்."

யோரிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். அது அதற்குள் இன்ஸ்பெக்டரின் பைக்குள் போயிருந்தது.

"அவனை நேர்ல பார்த்துப் பழகினவர்னு ஐரோப்பா முழுக்கத் தேடினதுல நீங்க ஒருத்தர்தான் கிடைச்சிருக்கீங்க. கிளம்புங்க, மீதியை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."