கறுப்பு உடுப்பின் கனம்

நெரெய்தாவின் ஊசி இடால்மிஸின் முதுகில் குத்திவிட்டது.

பாலே குழுவில் தையல்காரியாகச் சேர்ந்து இருபத்தாறு வருடம். ஆடுகிறவர் உடம்பில் அவள் ஊசி பட்டதே இல்லை.

இடால்மிஸ் அசையவில்லை. 'ஸ்' என்றுகூடச் சொல்லவில்லை.

ஹவானாவின் ஆகஸ்ட் வெக்கை. பக்கத் திரைக்குப் பின்னால் ஒரே ஒரு மஞ்சள் பல்பு. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. இதுவரை மீனவனின் மணப்பெண்ணாக வெள்ளையில் ஆடியவளைக் கடைசி அங்கத்துக்குக் கறுப்புக்கு மாற்ற வேண்டும். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்ற செய்தியோடுதான் திரை எழும்.

உடுப்புக்குக் கொக்கிகூடக் கிடைக்காத பஞ்ச காலம். உடுப்பை ஆள்மேல் போட்டபடியே தூண்டில் நரம்பால் முதுகில் தைத்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்து வேறொருவர் பிரித்துவிடும்வரை உள்ளே இருப்பவள் வெளியே வர முடியாது.

மத்தியானம் அலுவலக அறையில் தொலைபேசி அடித்தபோது எடுத்தவள் நெரெய்தாதான். மயாமியிலிருந்து யாரோ ஒரு பெண். இடால்மிஸின் அம்மா குடியிருந்த வீட்டுக்காரியாம். "அந்தம்மா போயிட்டாங்க, பொண்ணுகிட்டச் சொல்லிடுங்க" என்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அம்மா பதினான்கு வருடத்துக்கு முன் படகேறி வடக்கே, மயாமிக்குப் போனவள். போய்ப் பார்த்துவர அனுமதி கேட்டு மகள் அரசாங்கத்துக்கு மூன்று முறை எழுதிக்கொடுத்தாள். மூன்று முறையும் இல்லை என்றுதான் பதில் வந்தது.

நெரெய்தா ஓடிப்போய் ஆட்டத்தை அமைத்த எவெலியோவிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"திரை விழற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. மாத்து ஆளுக்கு முழங்கால் வீங்கிக் கெடக்கு. தெரிஞ்சுதான் அவ என்ன பண்ணப்போறா, நீந்தியா போகப்போறா?"

ஈரமில்லாத பேச்சு. நெரெய்தா கறுப்பு உடுப்பை எடுக்கப் போனாள்.

இந்த உடுப்பின் வெட்டும் அவளுடையதுதான். முதல் ஒத்திகைகளில் இடால்மிஸ் விதவையாக ஆடியபோது குழுவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. முகம் இழவு வீட்டில், கால் கல்யாண வீட்டில். எவெலியோ கத்திப் பார்த்தார், ஆடிக் காட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. நெரெய்தா யாரிடமும் கேட்காமல் பாவாடையின் ஓரம் முழுக்கத் தூண்டில் ஈயக்குண்டுகளை வைத்து மடித்துத் தைத்தாள். கை தோளுக்கு மேல் எழும்பாதபடி அக்குளில் துணியைக் குறைத்தாள்.

போட்டுப் பார்த்த அன்றைக்கு இடால்மிஸ் ஆடிப்போய்விட்டாள். "இது உடுப்பா ஜெயிலா, அக்கா?"

"இழவு விழுந்தவ கையை எவ்வளவு தூக்குவா? ஆடிப் பாருடி."

ஆடினாள். தாவப் போனவளை ஓரம் கீழே இழுத்தது. பாதியில் நின்றுபோன கைகளோடு அவள் திகைத்து நின்ற அந்த இடத்தில், அரங்கைப் பெருக்கிக்கொண்டிருந்தவர்கூட விளக்குமாற்றை நிறுத்திவிட்டார்.

அன்று நெரெய்தாவுக்குக் கர்வமாக இருந்தது.

இன்றோ, தாய் செத்தது தெரியாத ஒருத்தியை இழவுத் துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். நரம்பை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் வாய் திறந்தது, மூடியது. சொன்னால் இவள் இங்கேயே சரிந்துவிடுவாள். சொல்லாவிட்டால் நாளைக்கு இவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"இன்னும் இறுக்குங்கக்கா," என்றாள் இடால்மிஸ்.

தளர்த்து தளர்த்து என்று தினமும் கெஞ்சுகிறவள்.

"மூச்சு முட்டும்டி."

"முட்டட்டும்."

இசை தொடங்கிவிட்டது. நெரெய்தா நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். இடால்மிஸ் வெளிச்சத்துக்குள் போனாள்.

அன்று அவள் ஒரு இடத்திலும் தாவவில்லை. ஈயம் எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கமே உடம்பை விட்டாள். கைகள் தோள்வரை வந்து, துணி தடுத்த இடத்தில் நடுங்கி நின்றன. விதவை கடலைப் பார்ப்பது எப்போதும் சனங்கள் இருக்கிற பக்கமாகத்தான். அவளோ மேடையின் வடக்குச் சுவரைப் பார்த்தே ஆடினாள்.

"எந்தப் பக்கம் பாக்கிறா இவ?" என்று எவெலியோ பல்லைக் கடித்தார். கொஞ்ச நேரத்தில் அவரே திரையோரம் வந்து எட்டிப் பார்த்தார்.

கடைசியில், ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தாள். குனிந்து, வெறும் தரையிலிருந்து ஒரு பிடி அள்ளி, விரல்களை மெதுவாகத் திறந்தாள்.

திரை விழுந்தது. வெளியே ஒரு சத்தமும் இல்லை.

இடால்மிஸ் உள்ளே வந்து முதுகைக் காட்டி நின்றாள். நெரெய்தா பிளேடை எடுத்தாள்.

"கண்ணு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மத்தியானமே சொல்லியிருக்கணும். உங்கம்மா..."

"முந்தாநாளே அங்கிருந்து சித்தி எங்க பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணிட்டாங்கக்கா." இடால்மிஸ் திரும்பவில்லை. "இன்னைக்கு ஆறு மணிக்குத்தான் அங்க அடக்கம்."

அப்போதுதான் வெளியே கைதட்டல் வெடித்தது. எவெலியோ ஓடி வந்து, வா வா என்று கையை ஆட்டினார்.

அவள் கவனிக்கவில்லை. முதுகுத் தையலைத் தொட்டுக்கொண்டிருந்த நெரெய்தாவின் விரலைப் பின்னால் துழாவிப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குள்ள பிரிச்சிடாதீங்கக்கா. இப்பத்தான் மண்ணு போட்டுட்டு வர்றேன்."