சொன்னதைக் கேட்கும் ஃபேன்

"நம்ம ஃபேன் நல்லாப் பேசுறவங்க பேச்சுக்கே முழிக்குது. போட்டிக் கம்பெனி ஃபேன் பக்கவாதம் வந்தவரு பேச்சைக் கேட்டு ஓடுதாமே! எப்படி வெஸ்லின்?"

கேட்டவர் முதலாளி அருள்ஜோசப்.

ஓசூரில் மின்விசிறி தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் வெஸ்லின் வியூகப் பிரிவின் தலைவர். அந்தப் பிரிவில் தலைவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. வாயால் சொன்னால் ஓடும் ஃபேன் அவருடைய யோசனைதான். அதைப் பற்றி அவர் கூட்டங்களில் பேசிய நேரத்தில் பாதி நேரம் அது ஓடியிருந்தால்கூட கம்பெனிக்குக் கவலை இருந்திருக்காது. இந்த ஊரில் ஒரே பேச்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வரும் என்பது, ஃபேன் கடைக்குப் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவருடைய வீட்டிலேயே அப்படித்தான் பேசுவார்கள்.

"பேரிகையில எல்லப்பன்னு ஒருத்தர் வீடு. நம்ம டீலர் கண்ணால பார்த்திருக்காரு. நீங்களும் போய்ப் பாருங்க. நிஜம்னா, நம்ம குரல் ஃபேன் வேலையை இன்னைக்கே மூடிடலாம். அதுக்கு மேல காசைக் கொட்ட என்னால முடியாது."

மூடினால் அந்த ஃபேனுக்காக ராப்பகலாக உழைத்த பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். அவர்களை 'நாமதான் நாளைய உலகம்' என்று சொல்லி வேலைக்கு எடுத்தவரும் வெஸ்லின்தான்.

பேரிகையில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். எல்லப்பனின் மனைவி ரங்கம்மா திறந்தாள்.

"ஃபேன் கம்பெனியிலேருந்து வர்றேம்மா. எப்படி ஓடுதுன்னு பார்க்கணும்."

எந்தக் கம்பெனி என்று அவள் கேட்கவில்லை. ஆகவே தான் பொய் சொல்லவில்லை என்று வெஸ்லின் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

"வாங்க சார், உக்காருங்க. அவரு தளி பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவருங்க. வாய் ஓயவே ஓயாது. ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் பேச்சையே விட்டுட்டாரு. இந்த ஃபேனு வந்தப்புறம்தான் மறுபடி வாயைத் தொறக்கறாரு."

கட்டிலில் சாய்ந்திருந்த எல்லப்பன் வெஸ்லினைப் பார்த்து ஒரு பக்க வாயால் சிரித்தார். பிறகு மேலே பார்த்து, "ஸொ... ப... ஜா... தீ" என்றார்.

ஃபேன் வேகமாகச் சுற்றியது. 'கொஞ்சம் அதிகமாக' என்று அவர் கன்னடத்தில் கேட்டிருக்கிறார் என்பது, ஃபேனுக்குப் புரிந்த பிறகுதான் வெஸ்லினுக்குப் புரிந்தது.

"ஆ... பூ" என்றார் எல்லப்பன். ஃபேன் நின்றது.

வெஸ்லின் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டங்களில் பேசும் தன் மணியான குரலில், "ஃபேன், ஓடு!" என்றார்.

அது அசையவில்லை.

"ஃபேனைப் போடு! வேகம் மூணு!"

ம்ஹூம். எல்லப்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நெஞ்சைத் தட்டிக் காட்டி, "எ... பேச்... தா... கேக்...கும்" என்றார். இது மட்டும் வெஸ்லினுக்குத் தெளிவாகப் புரிந்தது.

என் பேச்சைத்தான் கேட்கும்!

வெளியே வந்தவர் வேப்பமரத்தடியில் நின்று முதலாளிக்கு போன் போட்டார்.

"சார், நாம தோத்துட்டோம். நாம ஊருக்கெல்லாம் ஒரே காதை வச்சோம். அந்தக் கம்பெனிக்காரங்க எல்லப்பனுக்குன்னே காது வச்சிருக்காங்க. அவரு உளறினாலும் அதுக்குப் புரியுது. நான் கத்தினா மதிக்கவே மாட்டேங்குது. இதுல நாம பத்து வருஷம் பின்தங்கிட்டோம் சார்."

"அப்ப மூடிடலாமா?"

வியூகப் பிரிவுக்கு வந்து இத்தனை காலத்தில் வெஸ்லின் தெளிவாக ஒரு முடிவும் சொன்னதில்லை. இன்றாவது சொல்லிவிடுவோம் என்று தோன்றியது.

"மூடிடலாம் சார்."

"சரி. இப்பவே எல்லாருக்கும் சொல்லிடறேன்" என்று முதலாளி போனை வைத்தார்.

தன்னை வென்றவன் யாரோ, அவன் பெரிய ஆள்தான் என்று வெஸ்லின் மனதார ஒப்புக்கொண்டார். மனிதன் பேச்சை மனிதனே காது கொடுத்துக் கேட்காத காலத்தில் ஒரு இயந்திரத்துக்குள் இத்தனை கரிசனம் வைக்க எவ்வளவு பெரிய மூளை வேண்டும்! அந்த மூளைக்காரன் கையில் ஒருநாள் வேலைக்கு மனு கொடுக்கவும் அவர் தயாராக இருந்தார்.

"சார்! சார்!"

ரங்கம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கம்பெனிக்காரங்கதானே நீங்க? அந்த ஃபேனுக்கு வந்த வாரமே காது கேக்காமப் போயிருச்சுங்க. அவரு பேசறது எனக்குப் புரியுதுன்னு சொன்னா, பாவம் பார்த்துப் பொய் சொல்றேன்னு அவரு கோவிச்சுக்கறாரு. அதனால கதவோரமா நின்னு நான்தான் முந்தானைக்குள்ள ரிமோட்டை அமுக்கறேன். பட்டனெல்லாம் தேஞ்சு போச்சுங்க சார், அவருக்குத் தெரியாம இன்னொரு ரிமோட்டு குடுத்தனுப்புவீங்களா?"