பாக்டீரியாவுக்கு வடிகஞ்சி

"அந்தப் பாக்டீரியாவுக்கு ஒரு வேளை தவறினா துடிக்கிறீங்களே மச்சான், நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?" என்றாள் சாமியா.

"ஒனக்குப் பசிச்சா நீயே போட்டுச் சாப்பிடுவே. அதுங்களுக்கு யாரு இருக்கா?" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதிலேயே அறிவான பதில் அதுதான். மறுநாள் அவள் திருக்கோகர்ணத்திலிருக்கும் உம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மீமிசலில் ஒரு மீன் கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மீன் கழுவிய தண்ணீரிலிருக்கும் அழுக்கைத் தின்று தெளிய வைப்பவை பாக்டீரியாக்கள். சம்பளம் வாங்குவது நான்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கம்பெனி மூடிக் கிடக்கும். கழிவு வராது. அவை பட்டினியால் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாமியாவை அழைத்து வரத்தான் போனேன். வெறுங்கையோடு போகத் தைரியமில்லாமல் ஒரு காலிக் கேனை எடுத்துக்கொண்டேன். வாசலில் நின்றதும் வாயில் வந்தது வேறு.

"அதுங்களுக்கு வடிகஞ்சி வேணும்."

மீமிசலில் சோறு வடிக்கிற வீடே இல்லையா என்று அவள் கேட்கவில்லை.

கொழுந்தியாள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காத எனக்கு, ஞாயிறுதோறும் பஸ் மாறி மாறிக் கஞ்சி வாங்கப் போக மட்டும் நேரம் கிடைத்தது.

சாமியா பேச மாட்டாள். கஞ்சியை ஆற வைத்து, மூடியை இறுக்கிக் கொடுப்பாள். சூடாக ஊற்றினால் அவை செத்துவிடும் என்று என்றைக்கோ நான் சொன்னதை மறக்கவில்லை.

நான் கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். அவ்வளவு பெரிய வீரன்.

இன்று கேனை நீட்டியவள், பிடியை விடவில்லை. மூக்கைச் சுருக்கினாள்.

"சட்டையில கவிச்சி அடிக்குதே. கம்பெனி ஓடுதா?"

கிளம்பும்முன் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்திருந்தேன். சட்டையை மாற்றத்தான் தோன்றவில்லை.

"படகெல்லாம் போன வாரமே கடலுக்குப் போயிருச்சு."

"அப்ப அதுங்களுக்கு வயிறு நெறஞ்சிருக்குமே. இது யாருக்கு?"

கைவசம் பொய் எதுவும் மிச்சமில்லை.

"அதுங்களுக்குக் கம்பெனியே வெல்லம் குடுத்துச்சு. ஒங் கஞ்சிய எல்லா வாரமும் நாந்தான் குடிச்சேன்."

அவள் கேனை விடவில்லை. நானும் விடவில்லை.

"வீட்டுக்கு வா, சாமியா."