ஞாயிற்றுக்கிழமைப் படகு

"உன் ஏரோப்ளேன்ல என்னை ஒரு தபா இட்டுகினு போ பிராங்கிளினு. அந்த ஸ்டானிஸ்லாஸு கையும் களவுமா மாட்டணும்."

காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் வண்டியைக் கிளப்பப்போன பிராங்கிளின் திரும்பிப் பார்த்தான். வியாகுலம்மாள் நின்றிருந்தாள்.

பிராங்கிளினுக்குத் துறைமுகத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் தொழில். விமானம் ஓட்டுவது ஆசைக்கு. ஞாயிறுதோறும் மீனம்பாக்கம் போய், ஃப்ளையிங் கிளப்பின் சின்ன விமானத்தை எடுத்துக்கொண்டு கடலோரமாக எண்ணூர்ப் பக்கம் ஒரு சுற்று பறந்துவிட்டு வருவான். மீனவர் குப்பத்தில் அவனுக்குப் பெயரே 'பைலட்டு'. அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

"இன்னாக்கா, ஆட்டோவா அது? ஏறி ஒக்காந்துகினு, 'முன்னால போறவனைப் புடி'ன்ற?"

"சிரிக்காத. ஞாயித்துக்கெழமை நம்மாளு எவனும் கடல்ல வலை போடக் கூடாது. ஊர்க்கட்டுப்பாடு. அவன் மட்டும் பூசைக்கும் வராம, வாராவாரம் தனியா போட்டை எடுத்துகினு போறான். கேட்டா காத்து வாங்கப் போனேன்றான். புடிக்கிற மீனைப் பழவேற்காட்டுல வித்துத் தள்ளிட்டு, கரைக்கு வெறும் போட்டோட வர்றான்."

"நீ பாத்தியா?"

"பாக்கத்தானே உன்னைக் கூப்புடுறேன்!"

சாயங்காலம் ஊர்க்கூட்டம். குற்றம் உறுதியானால் ஸ்டானிஸ்லாஸின் படகு மூன்று மாதம் கடலில் இறங்க முடியாது.

வியாகுலத்தின் கோபம் கட்டுப்பாட்டுக்காக மட்டும் இல்லை என்பது பிராங்கிளினுக்குத் தெரியும். போன ஐப்பசியில், காட்டுப்பள்ளிக்கு வெளியே, ஸ்டானிஸ்லாஸின் படகிலிருந்துதான் அவள் புருஷன் ஜோ அலையில் விழுந்தான். குப்பமே தேடியது. மூன்றாம் நாள் ஸ்டானிஸ்லாஸ் கரையேறி, "இனிமே தேடிப் பிரயோஜனம் இல்ல" என்று சொல்லிவிட்டான். உடல் கிடைக்கவே இல்லை. அன்றிலிருந்து அவன் முகத்தில் அவள் விழிப்பதில்லை.

"ஊர் வம்புல என்னை இழுக்காதக்கா."

"நீ ஓட்டு. நான் பாக்குறேன். அவ்ளோதான்."

விமானம் தரையை விட்டு எழும்பியதும் வியாகுலம் கண்ணை மூடி ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். துறைமுகம் வந்தபோதுதான் கண்ணைத் திறந்தாள்.

"அய்யோ மாதாவே... நம்ம கோயிலா அது? தீப்பெட்டியாட்டம் கீது!"

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் முகத்துவாரம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே நகர்ந்தன. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் ஊதுவத்தி போல நின்றன. கரையோரம் சாம்பல் நிறமாக இருந்த தண்ணீர், கொஞ்சம் தள்ளிப் பச்சையாகி, அப்புறம் நீலமாகி, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நங்கூரம் போட்டிருந்த பெரிய சரக்குக் கப்பல்கள் அதில் அரிசி சிந்தியது மாதிரிக் கிடந்தன.

விமானத்தின் இரைச்சலை மீறி ஹெட்போனில் அவள் குரல் சன்னமாகக் கேட்டது.

"இம்மாம் பெருசா பிராங்கிளினு?"

"ரெண்டு வருஷமா பாக்குறேன்க்கா. எனக்கும் இன்னும் பழகல."

"பொறந்ததுலேர்ந்து கடலைப் பாத்துகினு கீறேன். இத்தினி நாளும் ஓரத்தைத்தான் பாத்திருக்கேன்."

காட்டுப்பள்ளியைத் தாண்டி ஒரு படகு. நீல உடம்பு, மஞ்சள் மூக்கு.

"அவன்தான்! எறக்கு, எறக்கு!"

பிராங்கிளின் உயரத்தைக் குறைத்து, அகலமாக ஒரு வட்டம் அடித்தான். படகில் ஒரே ஆள். வலை தெரியவில்லை. மீன்கூடையும் இல்லை.

படகு மெதுவாகப் போனது. தண்ணீரில் ஏதோ வெள்ளையாக மிதந்த இடத்தில் நின்றது. அந்த ஆள் குனிந்து அதைத் துடுப்பால் புரட்டினான். ஒரு சாக்கு. விட்டுவிட்டு நகர்ந்தான். கொஞ்ச தூரம் போய், கறுப்பாக மிதந்த ஒன்றின் பக்கத்தில் நின்றான். அதையும் புரட்டினான். மரக்கட்டை. மறுபடி நகர்ந்தான். மறுபடி நின்றான்.

"இன்னாக்கா பண்றாரு? குப்பை பொறுக்குறாரா?"

பிராங்கிளின் தலையைச் சாய்த்துப் படகை மறுபடி பார்த்தான்.

"வலை எதுவும் காணோமே. இன்னொரு சுத்து போலாமா?"

வியாகுலம் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபமாலை மடியில் நழுவிக் கிடந்தது.

"போதும். வூட்டுக்குத் திருப்பு."

விமானம் மீனம்பாக்கத்துக்குத் திரும்பியது.

சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால் கூட்டம் கூடியது. ஊர்த்தலைவர் பென்னி நாற்காலியில். எதிரே கையைக் கட்டிக்கொண்டு ஸ்டானிஸ்லாஸ். எதற்கு அழைத்தார்கள் என்று தெரிந்தும், தன் பக்கம் சொல்ல எதுவும் இல்லாதவன் போலத் தரையைப் பார்த்து நின்றான்.

"கடைசியா கேக்குறேன் ஸ்டானிஸ்லாஸு. ஞாயித்துக்கெழமை கடல்ல உனுக்கு இன்னா வேலை?"

"காத்து வாங்கப் போறேன், தலைவரே."

கூட்டத்தில் சிரிப்பு. "வூட்ல ஃபேன் இல்லியா மாமு?" என்றது ஒரு குரல்.

பென்னி வியாகுலத்தின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. பைலட்டோட போய் மேலேர்ந்து பாத்தியாமே. வலை போட்டு தொழில் பண்ணானா?"

"இல்ல."

கூட்டம் சலசலத்தது. காலையில் குப்பம் முழுக்கக் கத்திவிட்டுப் போனவள் இவள்தானே!

"பின்ன இன்னாதான் பண்ணிகினு இருந்தான்?"

அவள் ஸ்டானிஸ்லாஸின் முன்னால் போய் நின்றாள். ஐப்பசிக்குப் பிறகு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமை என்னையும் போட்டுல ஏத்திக்கண்ணே. எம்புருசனை நீ ஒருத்தனாவே எத்தினி நாளைக்குத் தேடுவ?"